விட்டுப்போன ஏழு பேர்

பிப்ரவரி 6

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நீ, மாப்பிள்ளை, அம்மா மூவரும் நலமா? அம்மாவுக்கு இடது கண்ணில் நீர் வடிவது நின்றதா? இங்கே உன் அண்ணிக்கு மாடிப்படியைக் கண்டாலே முழங்கால் வலிக்க ஆரம்பித்துவிடுகிறது. நாடாளுமன்ற உறுப்பினர் குடியிருப்பில் எங்களுக்குக் கொடுத்திருப்பது மூன்றாவது மாடி. லிஃப்ட் இருக்கிறது, என்னைப் போலவே. இருக்கிறது, வேலை நடப்பதில்லை.

போனில் பேசலாமே என்று கேட்டிருந்தாய். போனில் நீ பாதிப் பேச்சில் "இருங்கண்ணா, ஒரு ஊசி போட்டுட்டு வந்துடறேன்" என்று போய்விடுகிறாய். அது மட்டுமில்லை, தபால்காரன் பிள்ளைகள் போனில் குடும்பம் நடத்தினால் அது துரோகம் என்று அப்பா சொல்வாரே. அவர் போய் மூன்று வருடம் ஆகப்போகிறது. இப்போதும் தபால் பெட்டியைப் பார்த்தால் ஒரு மரியாதை வருகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். அவையில் அவரவர் ஊர்ப் பிரச்சினையைப் பேச வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குவார்கள். சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். 20ஆம் தேதிக்கு என் சீட்டு விழுந்திருக்கிறது. நான்கு நிமிடம். வழக்கம்போல நம் ஆற்றுப் பாலம்தான். ஒன்பது வருடத்தில் அதைப் பற்றிப் பதினான்கு முறை பேசிவிட்டேன். கேன்டீனில் எனக்குப் பெயரே அதுதான். "பாலம் வந்துட்டாரு, ஒரு டீ போடுப்பா" என்கிறார்கள். போன முறை நான் எழுந்ததும் அமைச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். நான் உட்காரும்போது கண்ணாடி பளபளவென்று இருந்தது. என் பேச்சால் நடந்த ஒரே நல்ல காரியம் அது.

எனக்கே அலுத்துவிட்டது, தங்கச்சி. புதிதாக ஏதாவது கொடு. அந்த மனுஷன் தலையை நிமிர்த்திப் பார்க்கும்படியாக ஒன்று. சுகாதார நிலையத்தில் இருப்பவள் நீ. உனக்குத் தெரியாததா?

அம்மாவிடம் நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல். பொய்தான், ஆனால் சொல்.

அண்ணன்

*

பிப்ரவரி 13

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லாரும் நலம். அம்மா கண்ணுக்குச் சொட்டு மருந்து போடுகிறேன். சொட்டைவிட என்னைத் திட்டுவதுதான் அவருக்கு அதிகம் பலன் தருகிறது. உங்கள் மாப்பிள்ளை நலம். படகு ஓட்டுகிறார், வருகிறார், சாப்பிடுகிறார், படுக்கிறார். பேச்சு மட்டும் குறைவு. அது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

ஒன்பது வருடமாகத் தலைநகரில் இருக்கிறீர்கள், ஆறு மறந்திருக்கும். அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் இந்தக் கரையில். பெரிய ஆஸ்பத்திரி அந்தக் கரையில். நடுவில் படகு. கடல் உள்வாங்கும்போது ஆற்றில் தண்ணீர் இறங்கிவிடும். இரண்டு மணி, சில நாள் இரண்டரை மணி நேரத்துக்குப் படகு துறைக்கு வர முடியாது, அடி சேற்றில் தட்டும். ரோட்டில் சுற்றிப் போனால் நான்கு மணி நேரம். நெஞ்சு வலியும் பிரசவ வலியும் தண்ணீர் ஏறும் நேரம் பார்த்து வருவதில்லை.

இதைத்தான் பதினான்கு தடவையும் சொன்னீர்கள், இல்லையா? இந்தத் தடவை ஒரு எண்ணைச் சொல்லுங்கள். பாலம் இல்லாததால் மூன்று வருடத்தில் பதினொரு பேர் இறந்திருக்கிறார்கள். பதினொன்று. கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஒவ்வொருவரையும் எனக்குத் தெரியும்.

பட்டியல் கேட்காதீர்கள். எண் போதும். யார் சொன்னது என்றும் சொல்ல வேண்டாம், எனக்கு வேலை வேண்டும். எங்கள் டாக்டர் ஏற்கெனவே "உங்க அண்ணன் எம்.பி.ங்கிறதால இங்க தனிச் சலுகை கெடையாதும்மா" என்று வாரத்துக்கு ஒரு முறை சொல்கிறார். நான் கேட்டதே இல்லை.

அண்ணிக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள். நீங்களே கொடுத்தால் இன்னும் நல்லது.

தங்கை

*

பிப்ரவரி 22

அன்புத் தங்கைக்கு,

இங்கே நலம், அங்கே நலமா என்று கேட்கக்கூடப் பொறுமை இல்லை. நிமிர்ந்துவிட்டார்!

அவையில் முப்பது பேர் இருந்தால் அதிகம். எனக்கு முன்னால் பேசியவர் தன் ஊர்ச் சந்தைக்குக் கூரை கேட்டார். பின்வரிசையில் ஒருவர் வாயைப் பிளந்து தூங்கினார். நான் எழுந்தேன். "பாலம்" என்று யாரோ முணுமுணுத்துச் சிரித்தார்கள். அமைச்சர் கண்ணாடியைக் கழற்றினார். நான் பழைய பாட்டைப் பாடவே இல்லை. "மூன்று வருடம், பதினொரு உயிர்" என்று ஆரம்பித்தேன். துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. மூன்றாவது நிமிடம் எச்சரிக்கை மணி அடித்தபோது தூங்கியவரும் விழித்திருந்தார்.

அமைச்சர் எழுந்து, "உறுப்பினர் சொல்வது உண்மையானால் மிகவும் வருந்தத்தக்கது. விசாரிக்க உத்தரவிடுகிறேன்" என்றார். ஒன்பது வருடத்தில் அவர் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் முழு வாக்கியம். மறுநாள் பேப்பரில் உள்பக்கத்தில் நான்கு வரி வந்தது. உன் அண்ணி அதைக் கத்தரித்து வைத்திருக்கிறாள்.

இது உன் வெற்றி. யாரிடமும் சொல்ல முடியாது, அதனால் உனக்கே எழுதுகிறேன். அம்மாவிடம் படித்துக் காட்டு.

மகிழ்ச்சியோடு,
அண்ணன்

*

மார்ச் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் கண்டு சந்தோஷம். அம்மாவுக்கு இரண்டு தடவை படித்தேன். மூன்றாம் தடவை கேட்டபோது நோயாளிகள் வந்துவிட்டார்கள்.

விசாரிக்க மூன்று பேர் வந்தார்கள். வெள்ளைச் சட்டை, கையில் கோப்பு, காலில் புதுச் செருப்பு. துறைச் சேற்றில் இறங்க யோசித்து மேலேயே நின்று பார்த்தார்கள். பிறகு எங்கள் பதிவேட்டைக் கேட்டார்கள். மூன்று வருடத்தில் எங்கள் நிலையத்தில் அப்படி ஒரு மரணமும் இல்லை. அந்தக் கரைக்குப் போய் ஆஸ்பத்திரிப் பதிவேட்டைப் பார்த்தார்கள். அங்கே நான்கு.

ஏன் என்று சொல்கிறேன். நாங்கள் ஒருவரை மேல் சிகிச்சைக்கு அனுப்பும்போது சீட்டில் "உயிருடன் அனுப்பப்பட்டார்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவோம். எங்கள் வேலை அத்தோடு முடிந்தது. அந்தப் பக்கம் போய்ச் சேரும்போது மூச்சு இல்லையென்றால் ஆஸ்பத்திரியில் சேர்க்கவே மாட்டார்கள். சேர்க்காதவர் அங்கே எப்படி இறப்பார்? துறையில் காத்திருக்கும்போதோ படகிலோ போகிறவர் இரண்டு ஏட்டிலும் இல்லை. அப்படி ஏழு பேர். இந்தப் பக்கத்துக் கணக்கில் அவர்கள் எல்லாரும் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்கள்.

டாக்டர் என்னை அறைக்குக் கூப்பிட்டு, "அந்தப் பதினொண்ணு எங்கேருந்து வந்துச்சும்மா?" என்று கேட்டார். "எனக்கெப்படி சார் தெரியும்" என்றேன். நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

நீங்கள் எண்ணை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

தங்கை

*

மார்ச் 29

அன்புத் தங்கைக்கு,

நலம் என்று எழுதித்தான் பழக்கம். இந்த முறை அவ்வளவு நலமில்லை.

அமைச்சர் அவையில் பதில் சொல்லிவிட்டார். நான்குதானாம். "ஏழு பேரை உறுப்பினர் தம் பேச்சிலேயே கொன்றுவிட்டார்" என்றார். சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் என் கட்சிக்காரர்களும் இருந்தார்கள். ஆதாரத்தை வை, இல்லையென்றால் அவைக்குறிப்பைத் திருத்து, இரண்டும் இல்லையென்றால் பொய் சொன்னதற்கு உரிமைக்குழு முன்னால் வந்து நில் என்று கடிதம் வந்திருக்கிறது. கட்சித் தலைவர் கூப்பிட்டு, "ஏன்யா, சும்மா இருந்த பாலத்த எதுக்கு நோண்டினே?" என்றார்.

நீ எழுதியது புரிகிறது. இரண்டு பதிவேட்டுக்கும் நடுவில் விழுந்தவர்கள். ஆனால் அதை நான் சொன்னால், இது உள்ளே இருக்கிற ஆளுக்குத்தான் தெரியும் என்று ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள். உன் நிலையத்தில் இருப்பது டாக்டர், நீ, ஒரு மருந்தாளர். யார் என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டாம்.

எனக்கு மட்டுமாவது பட்டியலை அனுப்பு. யார் யார் என்று தெரிந்தால் அவர்கள் வீட்டாரை வைத்துப் பேசிப் பார்க்கலாம். ஏப்ரல் 30க்குள் பதில் சொல்ல வேண்டும்.

அண்ணன்

*

ஏப்ரல் 17

அன்புள்ள அண்ணாவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். ஊரெல்லாம் காய்ச்சல், நிலையத்தில் உட்கார இடமில்லை. அம்மாவுக்கும் இரண்டு நாள் இருந்தது, இப்போது பரவாயில்லை.

பட்டியலைப் பற்றி யோசித்தேன். அனுப்ப எடுத்து வைத்தேன், திரும்ப உள்ளே வைத்துவிட்டேன். உங்களுக்கு அது வேண்டாம் அண்ணா. ஏன் என்று கேட்காதீர்கள். அந்த வீட்டார் சிலரிடம் இன்னும் பேசவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் அவகாசம் வாங்குங்கள். உங்கள் அவையில் அவகாசம் வாங்குவது ஒன்றுதான் எல்லாருக்கும் நன்றாக வரும் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

அண்ணியின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று எழுதவே இல்லையே.

தங்கை

*

மே 8

அன்புத் தங்கைக்கு,

எல்லாரும் நலந்தானே? காய்ச்சல் ஓய்ந்ததா? இங்கே வெயில் கொளுத்துகிறது. அண்ணியை டாக்டரிடம் காட்டினோம். எடையைக் குறைக்கச் சொன்னார். அன்றிலிருந்து அவர் டாக்டரே இல்லை என்கிறாள். லிஃப்டைச் சரி செய்ய ஆள் வந்தார், பார்த்தார், போனார். குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. மே மாதம் முழுக்க அவை கிடையாது, அதனால் இரண்டு நாள் நன்றாகத் தூங்கினேன்.

ஒரு நல்ல செய்தி. நம் ஆற்றுப் பாலத்துக்கு நில அளவை செய்ய இந்த வருடப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். அளவைதான், பாலம் இல்லை. ஆனாலும் ஒன்பது வருடத்தில் ஒரு காகிதம் முதல் முறையாக நகர்ந்திருக்கிறது. துறையில் சொல், சந்தோஷப்படுவார்கள்.

அந்த எண் விஷயத்தையும் முடித்துவிட்டேன். உனக்கு எந்தத் தொல்லையும் வராது.

மழைக்கு முன்னால் வீட்டுக் கூரையைப் பார்க்கச் சொல். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்

*

ஜூலை 2

அண்ணாவுக்கு,

அம்மா நலம். மற்றதெல்லாம் பிறகு.

இரண்டு மாதமாக ஏன் எழுதவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காததிலிருந்தே உங்களுக்குக் காரணம் தெரியும் என்று புரிந்துகொண்டேன். ஊர்க்காரர்கள் பார்க்கட்டும் என்று நீங்கள் அனுப்ப ஏற்பாடு செய்த அச்சிட்ட அவைக்குறிப்பு படகு டிக்கெட் அறைக்கு எப்போதும் தாமதமாகத்தான் வரும். போன வாரம் வந்தது. ஏப்ரல் 29. உங்கள் பேச்சு மொத்தம் ஐந்து வரி. "தவறான தகவலின் அடிப்படையில் பதினொன்று என்று குறிப்பிட்டுவிட்டேன். நான்கு என்பதே சரி. வருந்துகிறேன்." அதற்குக் கீழேயே அமைச்சர் உங்கள் பெருந்தன்மையைப் பாராட்டுகிறார். அடுத்த பக்கத்தில் நில அளவைப் பட்டியல்.

என்னைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று சொல்வீர்கள். பாதி உண்மை. மீதிப் பாதி அடுத்த பக்கத்தில் இருக்கிறது.

நான் சொன்னது தவறான தகவலா, அண்ணா? அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஏட்டில் இல்லாமல் போனவர்களை ஒரே ஒரு இடத்தில் ஏற்றினோம். அங்கேயிருந்தும் நீங்கள் இறக்கிவிட்டீர்கள்.

இத்துடன் அவைக்கு ஒரு மனு வைத்திருக்கிறேன். பதவியோடு கையெழுத்துப் போட்டிருக்கிறேன். குடிமக்கள் மனுவை அந்தத் தொகுதி உறுப்பினர்தான் அவையில் படிக்க வேண்டும் என்பது விதியாம். வேறு யாராவது படிக்கலாம் என்றால் உங்களுக்கு அனுப்பியிருக்க மாட்டேன்.

மனு இதுதான்:

"உறுப்பினர் ஏப்ரல் 29 அன்று செய்த திருத்தம் தவறு. விட்டுப்போன ஏழு பேர் கீழே. கொல்லுப்பட்டறைக்காரர், வயது 48, நெஞ்சு வலி, துறையில் ஐம்பது நிமிடம் காத்திருந்தார். தையல்காரரின் மகள், வயது 19, முதல் பிரசவம், ஒரு மணி நாற்பது நிமிடம். குழந்தையைத் தனியாக எண்ணவில்லை. பள்ளிக்கூடக் காவலாளி, வயது 55, பாம்புக்கடி, நாற்பது நிமிடம். ஓய்வுபெற்ற தபால்காரர், வயது 71, மாரடைப்பு, ஒரு மணி இருபது நிமிடம். ரொட்டிக் கடைக்காரரின் மனைவி, வயது 37, ரத்தப்போக்கு, ஐம்பத்தைந்து நிமிடம் காத்திருந்து, படகு கிளம்பிய பிறகு. வலை பின்னுகிறவர், வயது 60, மூச்சுத் திணறல், ஒரு மணி நேரம். ஆறு வயதுப் பெண் குழந்தை, வலிப்பு, முப்பத்தைந்து நிமிடம். ஏழு பேரின் சீட்டிலும் 'உயிருடன் அனுப்பப்பட்டார்' என்று எழுதிக் கையெழுத்திட்டது நான்."

படிப்பதும் படிக்காததும் உங்கள் இஷ்டம்.

தங்கை

*

ஜூலை 9

தங்கச்சி,

நான்காவது ஆள் யார்?

ஆஸ்பத்திரியில், படுக்கையில், தூக்கத்தில் போனார் என்று சொன்னாயே. நான் வந்து சேர்ந்தபோது அம்மாவும் தலையை ஆட்டினாரே. மாப்பிள்ளையும் பக்கத்தில்தானே நின்றார்.

உடனே எழுது. போன் வேண்டாம். போனில் என்னால் முடியாது.

அண்ணன்

*

ஜூலை 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

அப்பாதான்.

காலை பதினொரு மணிக்கு வலி வந்தது. நிலையத்தில் என்னால் முடிந்ததைச் செய்தேன். சீட்டு எழுதினேன், ஸ்ட்ரெச்சரில் துறைக்குக் கொண்டுபோனோம். தண்ணீர் இறங்கிவிட்டது. அந்தக் கரையிலிருந்து உங்கள் மாப்பிள்ளை படகை எடுத்துக்கொண்டு வந்தார். நடு ஆறு வரைக்கும்தான் வர முடிந்தது. அதற்கு மேல் வந்தால் சேற்றில் மாட்டிக்கொள்ளும், பிறகு தண்ணீர் ஏறினாலும் எடுக்க முடியாது. நடு ஆற்றிலேயே நிறுத்திக்கொண்டு நின்றார். அவருக்கு எங்களைத் தெரிந்தது, எங்களுக்கு அவரைத் தெரிந்தது. ஒரு மணி இருபது நிமிடம்.

அப்பாவுக்குக் கடைசி வரை நினைவு இருந்தது. "துறையிலன்னு அவன்கிட்ட சொல்லிடாதே. வருஷக்கணக்கா இதையேதான் பேசிக்கிட்டிருக்கான். தாங்க மாட்டான்" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. அதனால்தான் உங்களிடம் பட்டியலைக் கொடுக்காமல் எண்ணை மட்டும் கொடுத்தேன். எண்ணில் அப்பாவின் முகம் தெரியாது என்று நினைத்தேன். அது என் தப்பு. முகம் தெரிந்திருந்தால் ஒருவேளை நீங்கள் எண்ணைக் குறைத்திருக்க மாட்டீர்கள்.

அன்றிலிருந்துதான் உங்கள் மாப்பிள்ளைக்குப் பேச்சு இல்லை. படகைச் சேற்றில் விட்டிருக்கலாமே என்று நினைக்கிறார் போல. சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. மனுவில் அவரைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. இருக்கிற பாரம் போதும் என்று விட்டுவிட்டேன்.

கோபத்தில் போன கடிதத்தை எழுதிவிட்டேன். கோபம் போகவில்லை, ஆனால் உங்களை நினைத்தால் பாவமாகவும் இருக்கிறது. சாப்பிடுங்கள்.

தங்கை

*

செப்டம்பர் 20

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததற்குச் சாக்கு எதுவும் இல்லை. மனுவைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். பேசாமல் விட்டால் அளவை நடக்கும், உன் வேலை இருக்கும், என் இடமும் இருக்கும். ஆகஸ்டு முழுக்க அதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் அண்ணி ஒரு நாள், "படிக்கறதுன்னா படிங்க, இல்லேன்னா அந்தச் சட்டையாவது துவைக்கக் குடுங்க" என்றாள்.

நேற்று படித்தேன்.

மனுவில் சொந்தக்காரர் சம்பந்தப்பட்டிருந்தால் முதலில் அதை அவைக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு விதி உண்டு. கம்பெனிகளில் பங்கு வைத்திருக்கிறவர்களுக்காகப் போட்ட விதி. எழுந்து நின்று, "மனு கொடுத்திருப்பவர் என் தங்கை. இதில் நான்காவதாக வருபவர் என் அப்பா. ஏப்ரலில் நான் அவைக்குச் சொன்னது பொய்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அமைச்சர் கண்ணாடியைத் தொடவில்லை.

அதையெல்லாம் சொன்னதிலேயே பாதி நேரம் போய்விட்டது. காவலாளியைப் படிக்கும்போது எச்சரிக்கை மணி. அப்பாவின் வரியை இரண்டு தடவை படித்துவிட்டேன். நேரம் அதிலும் போனது. ரொட்டிக் கடைக்காரர் மனைவிக்கு வரும்போது மைக்கை அணைத்துவிட்டார்கள். சபாநாயகர், "உறுப்பினர் உட்காரலாம்" என்றார். அவருக்கு முன்னால் கீழே ஒரு மேஜையில் சுருக்கெழுத்தாளர்கள் இருவர் உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் பேசுவதை எல்லாம் எழுதுகிறவர்கள் அவர்கள்தான். ஒன்பது வருடத்தில் நான் அவர்கள் முகத்தைப் பார்த்ததே இல்லை. என் இடத்தை விட்டு இறங்கி அவர்கள் மேஜைக்குப் போய், மீதி மூன்று பேரையும் அவர்களைப் பார்த்துப் படித்தேன். அந்தப் பெண் தலை நிமிராமல் எழுதினார். குழந்தையின் வயதை மட்டும், "ஆறுங்களா சார்?" என்று மெதுவாகக் கேட்டார். "ஆறும்மா" என்றேன்.

இனிக் கெட்ட செய்திகள். பதினைந்து அமர்வுக்கு என்னை அவையிலிருந்து நீக்கியிருக்கிறார்கள். அடுத்த தேர்தலில் இடம் கிடையாது என்று தலைவர் சொல்லிவிட்டார். நில அளவைப் பட்டியலில் நம் ஆற்றை எடுத்துவிட்டார்கள், மறுபரிசீலனைக்காம். உனக்கும் ஓலை வரும். தயாராக இரு.

பாலத்தையும் கொடுத்துவிட்டு உன் வேலையையும் கொடுத்துவிட்டு என்ன வாங்கினேன் என்று யோசிக்கிறேன். அவைக்குறிப்பில் இரண்டு பக்க அச்சு. ஆனால் அப்பா இப்போது அங்கே இருக்கிறார், தங்கச்சி. துறையில், ஒரு மணி இருபது நிமிடம். இனி யாராலும் திருத்த முடியாது, என்னாலும்கூட.

அம்மா முகத்தில் எப்படி விழிப்பேன் என்று தெரியவில்லை. நீ கொஞ்சம் சொல்லி வை.

அண்ணன்

*

அக்டோபர் 18

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மா நலம். உங்கள் மேல் கோபம் ஒன்றும் இல்லை, எப்போது வருவீர்கள் என்று மட்டும் கேட்கிறார். பெட்டியைக் கட்டிக்கொண்டு வாருங்கள். அண்ணிக்கு இங்கே மாடிப்படி கிடையாது.

எனக்கு ஓலை வந்துவிட்டது. விசாரணை முடியும்வரை பணியிடை நீக்கம். டாக்டர் அதைக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. "சீட்டுல கீழ ஒரு கையெழுத்து என்னோடதும்மா" என்றார். தெரியும் சார் என்றேன்.

துறையில் எல்லாரும் உங்களைக் கொண்டாடுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். "உங்கண்ணன் வாய மூடிட்டு இருந்திருந்தா இந்நேரம் ஆத்துல கல்லு நட்டிருப்பாங்க" என்று பாதிப் பேர் என் காதுபடவே சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.  புது அவைக்குறிப்பு டிக்கெட் அறைக்கு வந்ததும் தையல்காரர் மட்டும் வந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. மகள் எந்த வரியில் இருக்கிறாள் என்று கேட்டு, அந்த இடத்தில் துணியில் குறி போடும் சாக்பீஸால் சின்னதாகக் கோடு போட்டுவிட்டுப் போனார்.

நேற்று மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்த உங்கள் மாப்பிள்ளைக்கு அந்த அவைக்குறிப்பு முழுவதையும் படித்துக் காட்டினேன். வேண்டாம் என்று எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. அப்பா வரும் இடத்தில் நான் நிறுத்தினேன். "படி" என்றார். குழந்தை வரைக்கும் படித்தேன். கை காய்ந்துபோகும்வரை தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். பிறகு கேட்டார்.

"படகுக்காரன் நடு ஆத்துல நின்னுக்கிட்டு இருந்தான்னு அதுல இருக்கா?"

"இல்ல" என்றேன். "நான்தான் எழுதல."

"ஏன்?"

 மூன்று வருடத்தில் அவர் என்னிடம் இரண்டு கேள்வி சேர்ந்தாற்போல் கேட்டது நேற்றுத்தான்.

"ஏழு தடவையும் நான்தான் நின்னேன்" என்றார். "உங்கண்ணன்கிட்ட சொல்லு. திரும்ப உள்ள விட்டாங்கன்னா, என்னையும் எழுதச் சொல்லு."

சொல்லிவிட்டேன், அண்ணா.

தங்கை